சொறியும் பூனை, நாட்பட்ட வருத்தமுள்ள பூனை: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் பூனை வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் 3 முதல் 4 கிலோ நிறையுள்ள வளர்ந்த பூனைக்கு உரியவை. மருந்தின் அளவு வரும் இடங்களில், மிருக வைத்தியர் எழுதித் தந்ததை நீங்கள் விளங்கிக்கொள்வதற்காகவே அதைச் சொல்கிறோம். அதை வைத்துத் தானாக மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

பூனை ஓயாமல் சொறிகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

இடத்தைப் பாருங்கள். சொறி ஏழெட்டு வருத்தங்களுக்குப் பொதுவான அடையாளம். எந்த இடத்தில் சொறிகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. வாலடி, இடுப்பு, பின்தொடை என்றால் முதற் சந்தேகம் தெள்ளு. காது விளிம்பில் தொடங்கி நெற்றிக்கும் கழுத்துக்கும் பரவும் தடித்த பொருக்கு என்றால் சொறிச் சிற்றுண்ணி. காதுக்குள் கோப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு என்றால் காதுச் சிற்றுண்ணி. மாரி தொடங்கியதும் மூக்குத்தண்டிலும் காதின் வெளிப்புறத்திலும் மட்டும் புண் வந்தால் நுளம்பை யோசியுங்கள். தலையும் கழுத்தும் வருடம் முழுக்கக் கடித்தபடியே இருந்தால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டி வரலாம்.

இன்னொன்று: பூனை நக்குவதும் சொறிவதுதான். வயிறும் உள்தொடையும் மொட்டையாகி, தோல் சுத்தமாகத் தெரிந்தால் மயிர் தானாகக் கொட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். விரலால் எதிர்ப்பக்கமாகத் தடவுங்கள். குட்டையாக, குத்தும்படி நுனி முறிந்த மயிர் தட்டுப்பட்டால் அது நாக்கால் அரைக்கப்பட்ட மயிர். சலப்பையில் நோ இருந்தாலும் பூனை அடிவயிற்றை இப்படி நக்கும்.

தெள்ளு ஒன்றையும் காணவில்லையே? அப்படியும் தெள்ளாக இருக்குமா?

இருக்கும். ஒவ்வாமை உள்ள பூனைக்குத் தெள்ளின் எச்சில்தான் பகை. இரண்டு மூன்று கடியே நாட்கணக்கில் சொறிய வைக்கும். அந்தப் பூனை நக்கி நக்கித் தெள்ளை விழுங்கியும் விடும். அதனால் தெள்ளைத் தேடாமல் அதன் எச்சத்தைத் தேட வேண்டும்.

வெள்ளைக் கடதாசி ஒன்றை நிலத்தில் விரித்து, பூனையை அதன்மேல் நிறுத்தி, பேன் சீப்பால் வாலடியிலிருந்து முதுகுவரை மயிரின் எதிர்ப்பக்கமாகப் பத்துப் பதினைந்து தடவை வாருங்கள். கடதாசியில் கறுப்புத் துகள் விழும். மண்ணா, தெள்ளெச்சமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. விரலைத் தண்ணீரில் நனைத்து இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து விரலால் இழுத்துப் பாருங்கள். மண் என்றால் மண்ணாகவே கிடக்கும். தெள்ளெச்சம் என்றால் ஊறிச் செம்பழுப்பாகக் கரையும், ஏனென்றால் அது பூனையின் இரத்தம்தான். முற்றம் முழுக்கச் செம்மண்ணாக உள்ள வீடுகளில் மண்ணும் நிறம் விடும். அப்படியானால் வெள்ளைத் துணியில் வைத்துத் துகளைச் சுற்றி வளையம் படர்கிறதா என்று பாருங்கள்.

பூனையின் மலவாசலிலோ படுக்கையிலோ அரிசிமணி போன்ற வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பெரும்பாலும் தெள்ளை விழுங்குவதால்தான் அந்தப் புழு வருகிறது. அதுவும் ஒரு நல்ல சாட்சி.

மருந்து போட்டோம், இரண்டு கிழமையில் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

பூனையில் தெரியும் தெள்ளு மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டில் கிடக்கிறது. முட்டை ஒட்டாது, பூனை படுக்கும் இடமெல்லாம் உதிரும். புழு வெளிச்சத்தை வெறுத்து நெல்மூட்டைக்கு அடியிலும், வாங்கின் கீழும், பாய் மடிப்பிலும், கட்டில் சட்டத்தின் இடுக்கிலும் ஒளியும். கூட்டுக்குள் இருக்கும் தெள்ளை எந்த மருந்தும் எட்டாது. அது மாதக்கணக்கில் காத்திருந்து, சூடும் அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனவுடன் காலில் தெள்ளு ஏறுவது இதனால்தான்.

ஆகவே மருந்து குறைந்தது மூன்று மாதம், இடைவிடாமல், வீட்டில் உள்ள நாய் பூனை எல்லாவற்றுக்கும். ஒரு பூனைக்கு மட்டும் போடுவது வீண் செலவு. முற்றத்தில் கட்டி வைத்திருக்கும் நாயைத்தான் பெரும்பாலானோர் மறக்கிறார்கள்.

பிப்ரோனில் துளிமருந்தென்றால் பூனைக்கு 0.5 மி.லீ. குழல் ஒன்று, மாதம் ஒரு தடவை. எட்டுக் கிழமைக்கும் ஒரு கிலோவுக்கும் குறைந்த குட்டிக்கு வேண்டாம். பிடரிக்குக் கீழே, நாக்கு எட்டாத இடத்தில் மயிரைப் பிரித்துத் தோலில் விட வேண்டும். மயிரின்மேல் விட்டால் பாதி வீணாகும். முன்னும் பின்னும் 48 மணித்தியாலம் குளிப்பாட்டக் கூடாது. செலமெக்டின் கிடைத்தால் இன்னும் நல்லது. தெள்ளு, காதுச் சிற்றுண்ணி, சொறிச் சிற்றுண்ணி மூன்றுக்கும் அது வேலை செய்யும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். பூனை படுக்கும் சாக்கையும் துணியையும் கிழமைக்கு ஒரு தடவை கொதிநீரில் அவித்து, நல்ல வெயிலில் இருபக்கமும் காயவிடுங்கள். புழு வெயிலையும் வறட்சியையும் தாங்காது. மூட்டைகளை நகர்த்திக் கூட்டுங்கள், கூட்டிய குப்பையை அன்றே எரியுங்கள். கோடையில் இது பாதி வேலை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஈரமும் சூடும் சேர்ந்தால் முட்டை இரண்டு மூன்று கிழமையில் தெள்ளாகிவிடும். மாரி தொடங்க முன்னரே மருந்தைத் தொடங்குவது நல்லது.

மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்து வீட்டில் இருக்கிறது. கொஞ்சம் பூசினால் என்ன?

பூச வேண்டாம். பூனை சாகும். இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள்.

பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று போத்தலில் எழுதியிருக்கும் மருந்துகளை மாடும் நாயும் ஈரலில் உடைத்துக் கழித்துவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வல்லமை இல்லை. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் துளிமருந்து ஒரு குழலே பூனையை வலிப்பில் தள்ளும். காதும் முகமும் துடிக்கத் தொடங்கி, உடம்பு முழுக்க நடுங்கி, பிறகு வலிப்பு வரும். நாய்க்கு மருந்து போட்ட இரவு பூனை நாயோடு ஒட்டிப் படுத்தாலும் இது நடக்கும். அமிட்ராஸ் கலந்த உண்ணி மருந்தும் அப்படியே. மாட்டுக்கொட்டிலுக்கு மருந்து அடித்த நாளில் பூனையை உள்ளே விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

தவறுதலாகப் பட்டுவிட்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு இரண்டு மூன்று தடவை கழுவி, துடைத்து, துவாயில் சுற்றிச் சூடாக வைத்து உடனே வைத்தியரிடம் கொண்டு போங்கள். நடுக்கம் தொடங்கும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

மாட்டுக்கு ஏற்றும் ஐவர்மெக்டின் ஊசிமருந்து வேறு கதை. அதே மருந்தைப் பூனைக்கும் வைத்தியர் போடுவதுண்டு. அதனால்தான் வீட்டிலும் போடலாம் என்ற துணிவு வருகிறது. அளவைக் கணக்குப் பாருங்கள். 1 சதவீத மருந்தில் ஒரு மி.லீ.க்கு 10 மி.கி. இருக்கிறது. மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மி.லீ. 3 கிலோப் பூனைக்குக் கிலோவுக்கு 0.2 மி.கி. என்று வைத்தால் 0.06 மி.லீ. மட்டுமே. ஒரு மி.லீ.யை நூறு கோடாகப் பிரித்த சிறிஞ்சில் அது ஆறு சிறு கோடு. மாட்டுக்குப் போடும் 10 மி.லீ. சிறிஞ்சில் அந்த அளவு ஊசிமுனைக்குள்ளேயே நின்றுவிடும். கண்ணளவில் “ஒரு சொட்டுக் கூட” விட்டால் இரண்டு மூன்று மடங்கு போய்விடும். கண்மணி விரிந்து, தள்ளாடி, மயங்கிக் கிடக்கும். குட்டிகளுக்கு இதைக் கொண்டே போக வேண்டாம்.

வேப்பெண்ணெய், மஞ்சள், கற்பூரம், மண்ணெண்ணெய், டெட்டோல்?

எதைப் பூசினாலும் பூனை அரை மணித்தியாலத்தில் நக்கித் தின்றுவிடும். நாய்க்குச் சரிவந்த கைமருந்து பூனைக்குச் சரிவராததற்குப் பெரிய காரணம் இதுதான். வேப்பெண்ணெய் வாய் நுரைக்க வைக்கும், அளவு கூடினால் நடுக்கமும் வரும். கற்பூரமும் பூச்சி உருண்டையும் நஞ்சு. மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், நக்கும்போது மூச்சுக்குழலுக்குள் போய்ச் சுவாசப்பையைப் பழுதாக்கும். டெட்டோல் நாக்கைப் புண்ணாக்கும். மஞ்சள் தீங்கு செய்யாது, ஆனால் சிற்றுண்ணியையும் கொல்லாது. புழுவுக்கென்று உள்ளி கொடுப்பவர்களும் உண்டு. உள்ளியும் வெங்காயமும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும்.

புண்ணைக் கழுவ ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஒன்றரை மட்டத் தேக்கரண்டி உப்புப் போதும். நாளுக்கு இரண்டு தடவை, பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

காது விளிம்பு தடித்துச் சாம்பல் நிறப் பொருக்காக இருக்கிறது. எங்கள் கையிலும் கடிக்கிறது.

சொறிச் சிற்றுண்ணியாக இருக்கும். தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இலகுவில் தெரியும். பூனைக்குப் பூனை வேகமாகத் தொற்றும், எனவே சண்டைக்கு வரும் ஊர்ப்பூனைகள் உள்ள இடத்தில் திரும்ப வரலாம். மனிதர் தோலில் அது நிலைக்காது. பூனை சுகமானதும் உங்கள் கடியும் போய்விடும். பொருக்கைப் பிய்க்காமல் மருந்து போட்டால் ஒரு மாதத்துக்குள் தானாகக் கழன்று விழும்.

வட்டமாக மயிர் கொட்டியிருக்கிறது. பிள்ளையின் கையிலும் வட்டம் வந்துவிட்டது.

படர்தாமரை. இது பூஞ்சணம். பூனைக்கு அவ்வளவாகக் கடிக்காமலும் இருக்கலாம். உதிரும் ஒவ்வொரு மயிரிலும் வித்து இருக்கும், அது வீட்டுக்குள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லுங்கள். பூனையைச் சுகமாகும்வரை ஒரு அறையிலோ கம்பிக் கூட்டிலோ வையுங்கள். தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி மயிரை முழுதும் எடுத்த பிறகுதான் குளோரின் திரவத்தால் பலன் உண்டு. அழுக்கின்மேல் ஊற்றினால் வேலை செய்யாது.

உள்ளுக்குக் கொடுப்பது பெரும்பாலும் இட்ராகொனசோல். கிலோவுக்கு 5 மி.கி., ஒரு கிழமை கொடுத்து ஒரு கிழமை விட்டு, மூன்று சுற்று. 4 கிலோப் பூனைக்கு 20 மி.கி. மனிதருக்கான கப்சியூல் 100 மி.கி. அதைத் திறந்து உருண்டைகளைக் கண்ணளவில் ஐந்தாகப் பிரித்தால் ஒரு நாள் பாதியும் மறுநாள் இரட்டிப்பும் போகும். திரவமாகக் கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கடி குறையட்டும் என்று ஸ்டீரொய்ட் கிறீம் பூசினால் வட்டம் பெருக்கும்.

மாரியில் மட்டும் மூக்கில் புண். வெயில் வந்தால் ஆறிவிடுகிறது.

நுளம்புக்கடி ஒவ்வாமை. மயிர் குறைந்த மூக்குத்தண்டு, காதின் வெளிப்புறம், உள்ளங்கால் ஓரம் ஆகிய இடங்களில் சிறு முடிச்சு, பிறகு பொருக்கு, சில நேரம் நிறம் வெளுத்த தழும்பு. குளத்தோரமும் வயலோரமும் உள்ள வீடுகளில் இதைச் சொறிநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து போடுகிறார்கள். சோதிக்கச் செலவில்லை. பொழுதுபட முன்னரிலிருந்து விடியும்வரை பூனையை நுளம்பு வலைக்குள் வையுங்கள். பழைய கோழிக்கூட்டின்மேல் வலையைப் போர்த்தி, அடியில் கல் வைத்து இறுக்கினாலும் போதும். ஒரு கிழமைக்குள் புண் ஆறத் தொடங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. மனிதர் பூசும் நுளம்பு விரட்டியைப் பூனைக்குப் பூசாதீர்கள், அதுவும் நஞ்சு.

வெள்ளைப் பூனை. காது நுனி சிவந்து, மெல்லக் கரைந்து போகிறது.

இதற்கும் சொறிக்கும் சம்பந்தமில்லை. வெயில். வெள்ளைக் காதுக்கும் வெள்ளை மூக்குக்கும் நிறக்காப்பு இல்லாததால் தோல் வெந்து, வருடங்கள் போகப் புற்றாக மாறும். ஆறாத காதுப் பொருக்கு ஒரு மாதத்தைத் தாண்டினால் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே காது நுனியை வெட்டிவிட்டால் பூனை பிழைக்கும். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை நிழலில் வைப்பதே தடுப்பு.

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எப்படி அறிவது?

இரத்தச் சோதனை இதற்கு நம்பகமானதல்ல. ஒரே வழி, பூனை இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியை மட்டும் எட்டுக் கிழமை கொடுப்பது. அதற்கு முன் தெள்ளை ஒழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டுக் கிழமையும் வீண்.

பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. நம் வீட்டுப் பூனை மீனில்தான் வளர்ந்திருக்கும். குளத்து மீன், கடல் மீன், கருவாடு, பைக்கற் உணவு எல்லாமே மீன் கணக்கில் சேரும். ஆட்டிறைச்சி வாசம் அறியாத பூனை என்றால் அதை எடுங்கள். அறிந்திருந்தால் பன்றி அல்லது காடை. உப்பு, தூள், வெங்காயம் சேராமல் வேகவைத்து, நாளுக்கு 150 முதல் 200 கிராம், மூன்று வேளையாக. வெந்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் கட்டாயம் வேண்டிய டோரின் அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கும். வளரும் குட்டிக்கும் கர்ப்பிணிப் பூனைக்கும் இந்தச் சோதனை வேண்டாம், வெறும் இறைச்சியில் கல்சியம் போதாது.

சோதனை குழம்புவது பூனையால் அல்ல, வீட்டாரால். மீன் வெட்டும் போது வாசலில் வந்து நிற்கும், பாட்டி செதிலோடு ஒரு தலையைப் போட்டுவிடுவார். பக்கத்து வீட்டில் பால் கிடைக்கும். ஒரு தடவை கொடுத்தாலே சொறி திரும்பி, பலன் இல்லை என்ற பிழையான முடிவுக்கு வந்துவிடுவோம். மீன் வெட்டும் நேரத்தில் பூனையை உள்ளே அடையுங்கள். வீட்டில் எல்லாருக்கும் திகதி தெரிய, குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எலி, பல்லி பிடிக்கும் பூனையை அடைத்து வைக்க வழியில்லை என்றால் தொடங்காமல் விடுவதே நல்லது.

சொறி குறைந்தால் முடியவில்லை. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் சொறி திரும்பினால்தான் அது நிரூபணம்.

ஊசி போட்டால் ஒரு மாதம் நல்லாயிருக்கிறது, பிறகு திரும்பவும். ஒவ்வொரு மாதமும் போடலாமா?

அந்த ஊசி பெரும்பாலும் நீண்டநாள் நிற்கும் ஸ்டீரொய்ட். கடியை நிறுத்தும், காரணத்தைத் தொடாது. ஏறிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அடிக்கடி போட்டால் நீரிழிவு வரும், மறைந்திருக்கும் இதய வருத்தம் வெளிப்படும், தோல் கடதாசி போல மெலியும். வருடத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டி வந்தால் காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று எடுங்கள்.

ஸ்டீரொய்ட் கட்டாயம் என்றால் பிரெட்னிசலோன் குளிசை மேல். கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. என்று தொடங்கி, கடி அடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒவ்வாமை மருந்தான குளோர்பெனிரமின் 4 மி.கி. குளிசையில் அரைவாசி 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று சில வைத்தியர்கள் எழுதுவார்கள். சில பூனைகளுக்குக் கொஞ்சம் உதவும். தடிமன் மருந்தோடு கலந்து வருவதை வாங்கி விடாதீர்கள்.

புண்ணை நக்காமல் தடுக்கக் கழுத்துக் கூம்பு கிடைக்கவில்லை.

பழைய எக்ஸ்ரே படம் நல்ல கூம்பாகும். மார்பு எக்ஸ்ரே அளவிலான தாளில் 32 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, நடுவில் 10 செ.மீ. வட்டத்தை எடுத்துவிடுங்கள். பிறகு கேக் துண்டு போலக் கால்வாசியை வெட்டி நீக்குங்கள். மிச்சத்தை வளைத்து 2 செ.மீ. மேலேற்றி ஒட்டினால் கழுத்துச் சுற்று ஏறத்தாழ 21 செ.மீ. வரும். உள்விளிம்பு கத்திபோல் அறுக்கும், துணிப் பிளாஸ்டரை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். கழுத்துக்கும் கூம்புக்கும் இடையில் இரண்டு விரல் போக வேண்டும். விளிம்பு மூக்கைத் தாண்டி ஒரு விரலளவு நிற்க வேண்டும், குறைந்தால் நாக்கு எட்டிவிடும். சாப்பாட்டுக் கோப்பையைக் கூம்பைவிடச் சிறியதாக எடுத்து, ஒரு செங்கல்லின்மேல் வையுங்கள். பின்கால் நகநுனியையும் வெட்டிவிட்டால் பாதிக் காயம் குறையும்.

குளிசையைத் துப்பிவிடுகிறது.

துவாயில் இறுகச் சுற்றி, தலையை மேலே பார்க்க வைத்து, கீழ்த்தாடையை நடுவிரலால் திறந்து, நாக்கின் பின்பக்கத்தில், தொண்டையோரமாகப் போடுங்கள். நுனியில் போட்டால் துப்பும். போட்டபின் கட்டாயம் 5, 6 மி.லீ. தண்ணீர் சிறிஞ்சால் கன்னப் பக்கமாக மெதுவாக விடுங்கள். டொக்சிசைக்ளின் போன்றவை தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாகி, குழாய் சுருங்கிவிடும்.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது. பனடோல் கால்வாசி கொடுக்கலாமா?

இல்லை. ஒரு 500 மி.கி. குளிசை பூனையைக் கொல்லும், கால்வாசியும் ஆபத்து. முரசு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் நேரத்தையும் அளவையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிப்பு மருந்து உண்டு, ஆனால் முந்திய சில மணித்தியாலம்தான் பெறுமதி. டிக்ளோபினாக், இபுபுரோபன் நோக்குளிசைகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

வயதான பூனை நிறையத் தண்ணீர் குடிக்கிறது, மெலிகிறது.

மூன்று வருத்தங்களை யோசிக்க வேண்டும்: சிறுநீரகம், நீரிழிவு, தைரொயிட். நன்றாகத் தின்றும் மெலிந்து, அமைதியில்லாமல் கத்தித் திரிந்தால் தைரொயிட். நிறையத் தின்று, பின்கால் குதி நிலத்தில் படிய நடந்து, சலத்தில் எறும்பு மொய்த்தால் நீரிழிவு. பசியும் குறைந்து, சத்தியும் எடுத்து, மயிர் மங்கினால் சிறுநீரகம். உறுதிப்படுத்த இரத்தமும் சலமும் சோதிக்க வேண்டும்.

போக முன் தண்ணீரை அளந்து கொண்டு போங்கள். காலையில் 500 மி.லீ. அளந்து வைத்து, மறுநாள் காலை மிச்சத்தை அளவுங்கள். நம் கோடையில் ஆவியாகிப் போவதும் சேர்ந்துவிடும். அதனால் அதே கோப்பை இன்னொன்றில் அதே அளவு தண்ணீர் வைத்து, பூனை எட்டாத இடத்தில் அருகிலேயே வையுங்கள். அதில் குறைந்ததைக் கழியுங்கள். மூன்று நாள் அளந்து சராசரி எடுங்கள். கிலோவுக்கு 50 மி.லீ.க்கு மேல் தொடர்ந்து போனால் காட்ட வேண்டும், 100 மி.லீ.யைத் தாண்டினால் தாமதிக்கவே கூடாது.

சிறுநீரகத்தில் ஏறத்தாழ முக்கால்வாசி போன பிறகுதான் இரத்தச் சோதனையில் பார்க்கும் கிரியேற்றினின் என்ற கழிவு உயரும். ஆனால் அதன் பிறகும் நல்ல கவனிப்போடு வருடக்கணக்கில் வாழும் பூனைகள் உண்டு. கருவாடும் முள்ளோடு நெத்தலியும் நிறுத்துங்கள். ஒன்றில் உப்பு, மற்றதில் எலும்பின் பொசுபரசு. மீன் என்றால் முள் நீக்கிய சதை, இடையிடையே அவித்த முட்டை வெள்ளைக்கரு. சிறுநீரகத்துக்கான தனி உணவு கிடைத்தால் சத்தி நின்ற பிறகு, பழைய உணவோடு கலந்து இரண்டு கிழமையில் மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பழக்க முயல வேண்டாம். எதையாவது தின்பது, எதையும் தின்னாததைவிட மேல். இரண்டு நாள் தின்னாமல் விட்டால் ஈரலில் கொழுப்பு ஏறும்.

தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வைத்தியர் பழக்கினால் வீட்டில் செய்யலாம். வழக்கமாக ஹாட்மன் திரவம், ஒரு தடவைக்கு 100 மி.லீ. அளவில். போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. குளுக்கோஸ் சேலைனைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. பாமசியில் பெயரை வாசித்து வாங்குங்கள், போத்தல்கள் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். இதய வருத்தம் உள்ள பூனைக்கு இது மூச்சைத் திணறவைக்கும். நித்திரையில் நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனால் நிறுத்தி, கேளுங்கள்.

வயதான பூனை திடீரென்று சுவரில் முட்டினால், கண்மணி விரிந்தே நின்றால், இரத்த அழுத்தம். அன்றே காட்டினால் சில நேரம் பார்வை திரும்பும்.

கிணற்றுத் தண்ணீர் கடினம். அதனால்தான் கல் வருகிறதா?

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மனிதரின் சிறுநீரக வருத்தம் பெரிய பயமாக இருப்பதால் இந்தக் கேள்வி வருகிறது. நீங்கள் சுத்திகரித்த தண்ணீர் குடித்தால் பூனைக்கும் அதையே வையுங்கள். ஆனால் பூனைக்குக் கல் கட்டுவதில் பெரிய பங்கு, தண்ணீர் போதாமல் சலம் தடிப்பதற்குத்தான். உலர் உணவு மட்டும் தின்னும் கடுவன் பூனைக்குத்தான் அதிகம் வரும். உணவில் வெந்நீர் குழைத்துக் கொடுங்கள், மண்சட்டியில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வையுங்கள்.

கடுவன் பூனை அடிக்கடி குந்துகிறது, சலம் வரவில்லை.

இதை வாசித்து முடிக்க வேண்டாம், வைத்தியருக்கு எடுங்கள். அடைப்பு ஒன்றிரண்டு நாளில் கொல்லும். மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் கொடுத்து ஒரு நாளைக் கடத்துவதுதான் வழக்கமான தவறு. அடிவயிற்றில் தோடம்பழம் போல உருண்டையாகத் தட்டுப்பட்டால் சந்தேகமே இல்லை. அழுத்திப் பார்க்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு ஓடிவருகிறது, ஒரு வாய் வைத்ததும் கத்திக்கொண்டு ஓடுகிறது.

வாய் நோ. முரசும் தொண்டையின் இருபக்கமும் பச்சை இறைச்சி போலச் சிவந்திருக்கும், எச்சில் வடியும், முன்கால் மயிர் எச்சிலில் ஒட்டிப்போய் இருக்கும். அன்ரிபயோற்றிக் கொடுத்தால் பத்து நாள் குறையும். நிலையான சுகம் பெரும்பாலும் கடைவாய்ப் பற்களைக் கழற்றுவதில்தான் இருக்கிறது. பல் இல்லாமல் பூனை எப்படித் தின்னும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். குழைத்த சோறும் மீனும் நன்றாகவே தின்னும். நோவோடு பல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிறாண்டிவிட்டது, கடித்துவிட்டது. என்ன செய்வது?

சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். வருத்தமுள்ள பூனைக்கும் விசர்நாய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போட வேண்டும். தடுப்பூசி அட்டை வீட்டில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

வைத்தியரிடம் கொண்டு போக என்ன வேண்டும்?

ஒரு கொப்பி. கிழமைக்கு ஒரு தடவை நிறை, நாளாந்தம் சாப்பிட்ட அளவு, சத்தி, சலம், கொடுத்த மருந்தும் நேரமும். நிறைக்கு, பூனையை உரப்பையில் தலை வெளியே தெரிய வைத்துத் தொங்குதராசில் கொழுவலாம். பிறகு பையின் நிறையைக் கழியுங்கள். 4 கிலோப் பூனை 200 கிராம் இழப்பது, 60 கிலோ மனிதர் 3 கிலோ இழப்பதற்குச் சமம். கண்ணுக்கு அது தெரியாது.

முன்பு கொடுத்த மருந்துகளின் பைக்கற்றுகளைக் கையோடு கொண்டு போங்கள், “வெள்ளைக் குளிசை” என்ற சொல் யாருக்கும் உதவாது. சொறியைப் படமெடுத்து வைத்திருங்கள், அன்று பார்த்துப் புண் ஆறியிருக்கும். போவதற்கு முந்திய நாளில் பூனையைக் குளிப்பாட்டாதீர்கள், தேடவேண்டிய துகளெல்லாம் போய்விடும். பிரதேசக் கால்நடை வைத்தியர் மாடு ஆடு பார்க்க வெளியே போயிருக்கலாம். விடிய முன் போன் பண்ணி இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். பெரிய சோதனைக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கு அனுப்பினால் வைத்தியரின் கடிதத்தையும் பழைய முடிவுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் கொண்டு போக மூடியுள்ள பிளாஸ்ரிக் கூடையை எடுத்து, மூடியைக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். உள்ளே பூனை வழக்கமாகப் படுக்கும் துணி, வெளியே மெல்லிய சேலைத் துண்டு. பஸ்ஸின் எஞ்சின் பக்கமும் வெயில் விழும் யன்னலும் வேண்டாம். பூனை நாய் போல இளைக்கத் தொடங்கினால் அது சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். சேலைத் துண்டை விலக்கி, காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போங்கள்.